விபத்துக்குப் பின் மாற்றுக் கார்: 70 இலட்சத்துக்குள் எதைப் பார்த்து வாங்குவது?

உவர்மலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் இரவு எட்டு மணியளவில், கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பும் வழியில், தம்பலகாமம் சந்திக்குச் சற்று முன்னால், லொறியொன்றை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்துக்குள் வந்த வான் எங்கள் காரின் வலது முன்புறத்தில் மோதியது. எனக்கு வலது கணுக்கால் முறிந்தது. ஆசனப்பட்டி இழுத்ததால் மனைவிக்குப் பல நாட்கள் நெஞ்சுநோவு இருந்தது. பின்னால் பட்டியில்லாமல் உறங்கிக்கொண்டிருந்த ஏழு வயது மகள் முன் ஆசனத்தில் மோதியதில் அவளுடைய நெற்றியில் ஆறு தையல்கள் போட்டார்கள். அவள் பட்டி அணியாதிருந்தது என் தவறு. அதை மறைக்க விரும்பவில்லை.

எங்களுடையது காற்றுப்பை இல்லாத சிறிய கார். காப்புறுதியில் அதை முழுச் சேதமாகக் கணித்துப் பணம் தந்துவிட்டார்கள். அந்தப் பணம், சேமிப்பு, சிறிய லீசிங் எல்லாம் சேர்த்தாலும் 70 இலட்சத்தைத் தாண்ட முடியாது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். வரியைப் பார்த்தபின் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆகவே பாவித்த வாகனம்தான்.

ஜப்பானிலிருந்து வந்த சுசுகி வகன் ஆர், டொயோட்டா விட்ஸ், பழைய டொயோட்டா அக்சியோ ஆகிய மூன்றும் என் கைக்கு எட்டுகின்றன. என் மச்சானோ, "இந்தக் காலத்துக் கார்களின் தகடு தகரப் பேணி மாதிரி, தொண்ணூறுகளுக்கு முந்திய பாரமான வாகனம் ஒன்றை வாங்கு" என்கிறார். எரிபொருள் செலவும் மறுவிற்பனைப் பெறுமதியும் இம்முறை எனக்கு இரண்டாம் பட்சமே. மாதம் இரு தடவையாவது கண்டி வீதியில் கந்தளாய், ஹபரணை வழியாகப் பயணிக்கிறோம். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


சீனக்குடா இயந்திரவியலாளர் எழுதியது:

மூவரும் உயிருடன் வீடு திரும்பியது பெரிய ஆறுதல். உங்கள் மச்சான் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிரித்தெடுத்துக்கொண்டால் மற்றப் பாதியில் ஏமாற மாட்டீர்கள்.

பாரம் முக்கியம் என்பது உண்மையே. 800 கிலோ எடையுள்ள காரும் 1,600 கிலோ எடையுள்ள வானும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதிய கணத்தில் இரண்டும் சேர்ந்து வான் சென்ற திசையில் ஏறத்தாழ 17 கி.மீ. வேகத்தில் நகரும். வானில் இருப்பவரின் வேகம் 50 இலிருந்து 17 ஆகக் குறைகிறது; அவர் உடல் தாங்க வேண்டிய மாற்றம் 33. காரில் இருப்பவரோ நின்றதோடு போகாமல் பின்னோக்கியும் தள்ளப்படுகிறார்; அவருக்கு அந்த மாற்றம் 67. காயத்தின் கடுமையைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த மாற்றமே. மோதல் சோதனையில் கார் தடுப்பில் மோதவிடப்படுவதால், அது ஏறத்தாழ தன்னளவு பாரமுள்ள இன்னொரு காருடன் மோதுவதற்கே ஒப்பாகும். ஆகவே அந்தச் சோதனையில் பாதுகாப்புத் தரமாகச் சிறிய கார் பெற்ற நட்சத்திரத்தையும் பெரிய கார் பெற்ற நட்சத்திரத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

இதற்கு உங்கள் பட்டியலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2009 இல் டொயோட்டா யாரிஸைக் கம்ரியுடனும், ஹொண்டா ஃபிட்டை அக்கோர்டுடனும், ஒவ்வொன்றும் 64 கி.மீ. வேகத்தில் வர, நேரெதிராக மோதவிட்டது. தடுப்பில் மோதியபோது நல்ல பெறுபேறு பெற்றிருந்த அந்தச் சிறிய கார்கள் இரண்டும் இந்த மோதலில் மிகத் தாழ்ந்த தரத்தையே பெற்றன. யாரிஸ் என்பது ஜப்பானில் விட்ஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட அதே கார்தான்.

இனி மச்சானின் மற்றப் பாதி. தகட்டின் தடிப்பு உயிர் காக்காது. முன்பகுதி மடிந்து மோதலின் சக்தியை விழுங்க வேண்டும். ஆட்கள் இருக்கும் கூடு மடியக் கூடாது. அதே நிறுவனம் அதே 2009 இல், 1959 ஆம் ஆண்டின் செவ்ரொலே பெல் எயார் காரை 2009 ஆம் ஆண்டின் செவ்ரொலே மலிபுவுடன் மோதவிட்டது. பழைய காரின் கூடு சாரதியின் மேலேயே சரிந்தது. புதியதன் கூடு ஏறக்குறைய அப்படியே நின்றது. உங்கள் மச்சானிடம் அந்தக் காணொளியைக் காட்டுங்கள். வாதம் அத்துடன் முடிந்துவிடும்.

காற்றுப்பையை மட்டும் எண்ணி வாங்குவதும் பிழை. 2014 இல், கார்களை மோதவிட்டு நட்சத்திரத் தரம் வழங்கும் அமைப்பான குளோபல் என்.சி.ஏ.பி. இந்தியாவின் ஐந்து சிறிய கார்களைக் காற்றுப்பை இல்லாத நிலையில் 64 கி.மீ. வேகத்தில் சோதித்தபோது ஐந்துக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு காற்றுப்பைகளுடன் மீண்டும் சோதிக்கப்பட்ட, அந்த ஐந்தில் ஒன்றான வொக்ஸ்வேகன் போலோ, வளர்ந்தோர் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. அதன் கூடு உறுதியாக நின்றதே காரணம். அல்டோ 800, நானோ, ஐ10 ஆகிய மூன்றின் கூடுகளோ காற்றுப்பை பொருத்தினாலும் பெரிதாகப் பயன் தராத அளவுக்குப் பலவீனமானவை என்று சோதித்தவர்கள் கூறினார்கள். ஒன்றை இங்கே நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்: இந்தியாவில் தயாரான வகன் ஆர் பெற்ற குறைந்த நட்சத்திரங்களை ஜப்பான் வகன் ஆருக்கு ஏற்றிப் பேசாதீர்கள். பெயர் ஒன்று, வாகனம் வேறு.

உங்கள் ஓட்டம் திருகோணமலை நகரத்துக்குள் மட்டும் என்றால் வகன் ஆரே போதும் என்றிருப்பேன். கண்டி வீதி என்றதால் என் வரிசை அக்சியோ, விட்ஸ், வகன் ஆர். அதிலும் வழுக்கும்போது சில்லுகளைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வாகனத்தை நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள பிரதியையே தேடுங்கள். டொயோட்டாவில் அதை வி.எஸ்.சி. என்பார்கள். பழைய பிரதிகளில் எல்லாவற்றிலும் அது இருக்காது.


பழைய கராஜ்காரர் எழுதியது:

மேலே எழுதியவர் மாதிரியைப் பற்றிச் சொன்னார். நான் குறிப்பிட்ட ஒரு வாகனத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் வாங்கப்போவது நட்சத்திரத்தை அல்ல, யாரோ பத்து வருடம் ஓட்டிய ஒரு காரை. ஒருமுறை நன்றாக அடிபட்டு, டிங்கர் வேலை பார்த்து, பூச்சடித்து நிற்கும் அக்சியோவை விட, அடிபடாத வகன் ஆர் எனக்குப் பெரிது.

முதலில் சாவியைத் திருப்பி, இயந்திரத்தை இயக்காமல், காற்றுப்பை விளக்கைப் பாருங்கள். அது எரிந்து சில வினாடிகளில் அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு கணமும் எரியாவிட்டால்தான் நான் அதிகம் பயப்படுவேன். காற்றுப்பை வெடித்தபின் புதியது வாங்கப் பணம் செலவழிக்காமல், வெறும் மூடியைப் பொருத்தி, விளக்கைப் பிடுங்கிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டியரிங் மூடியின் நிறம் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிறதா, டாஷ்போர்டில் ஒட்டுப்போட்ட அடையாளம் உண்டா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டிகளை முழுவதுமாக வெளியே இழுங்கள். பெரிய மோதலைத் தாங்கிய பட்டி உள்ளே திரும்பத் தயங்கும், சில வேளை நூல் உருகிய பளபளப்பும் தெரியும். முன் பட்டிகளை மோதலின்போது இறுக்கும் கருவி ஒருமுறைதான் வேலை செய்யும். அதையும் மாற்றியிருக்க வேண்டும்.

பொனட்டைத் திறந்து மட்கார்ட் ஆணிகளின் தலையில் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். மட்கார்ட் மாற்றியது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் அதற்கு உட்புறத்தில் முன்னோக்கி நீளும் செஸி கால்களில் தொழிற்சாலைப் புள்ளி வெல்டிங்குக்குப் பதிலாகக் கோட்டு வெல்டிங்கோ தட்டி நிமிர்த்திய சுருக்கமோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். மோதலில் மடிய வேண்டிய கால் ஏற்கனவே ஒருமுறை மடிந்துவிட்டது. செஸி இலக்கத்தைக் கொண்டு ஒக்ஷன் ஷீட்டை, அதாவது ஜப்பானில் ஏலம் விட்டபோது வாகனத்தின் நிலையைக் குறித்த தாளை, எடுத்துப் பாருங்கள். தரம் இருக்குமிடத்தில் 4 அல்லது 3.5 என்பதற்குப் பதிலாக ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ஜப்பானிலேயே விபத்தில் சிக்கித் திருத்தப்பட்டது. ஷீட் சுத்தமாக இருந்தாலும் இங்கே வந்தபின் நடந்ததை அது சொல்லாது.

அடுத்தது, பலர் மறந்துவிட்ட டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனத்தின் காற்றுப்பை. அதன் வெடிமருந்து அமோனியம் நைத்திரேட்டு. வருடக் கணக்கில் வெப்பமும் ஈரப்பதனும் பட்டால் அது கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் உலோக உறையையே உடைத்துத் துண்டுகளை முகத்தில் எறியும். டொயோட்டா, ஹொண்டா, நிசான், மஸ்டா என்று பல ஜப்பான் நிறுவனங்களின் வாகனங்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. வெப்பமும் ஈரமும் என்றால் நம் ஊரைத் தவிர வேறெங்கு? அக்சியோவோ விட்ஸோ, வாங்குமுன் செஸி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையப் பக்கத்தில் இட்டுப் பாருங்கள், மாற்றப்பட்டதா என்று முகவரிடமும் கேளுங்கள்.

நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் வருடக் கணக்கில் நின்ற வாகனமென்றால் அதைக் கராஜ் குழியின் மேல் ஏற்றி அடிப்பகுதித் துருவைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.


கிண்ணியா வான் சாரதி எழுதியது:

இவ்வளவையும் வாசித்தேன், தவறென்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. இருபது வருடமாக இந்த வீதிகளில் ஆட்களை ஏற்றி ஓடுகிறேன். எதிரே வருவது பஸ் அல்லது டிப்பர் என்றால் 800 கிலோ காரும் 1,100 கிலோ காரும் ஏறத்தாழ ஒன்றே. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டில் யானை நின்றால் நட்சத்திரம் எண்ணிப் பயனில்லை. மழைக்காலத்தில் சூடான தார் வீதியில் வந்து படுக்கும் மாடுகள் அதைவிட மோசம். கறுப்பு மாடு விளக்கு வெளிச்சத்துக்குள் வரும்வரை தெரியாது.

ஆகவே முடிந்தவரை அந்தப் பகுதியை மாலை ஆறு மணிக்கு முன்பே கடந்துவிடுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் உள்ள சக்தியை விட 80 இல் உள்ள சக்தி ஏறக்குறைய எண்பது வீதம் அதிகம். பழைய காரில் முன்விளக்கின் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் முதல் வேலையாக மெருகேற்றுங்கள் அல்லது மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3218 என்றால் 2018 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம். டயரின் கட்டை, அதாவது வீதியில் படும் வெட்டுகள், தேயாமல் நன்றாக இருக்கிறது என்று தரகர் காட்டுவார். ஏழெட்டு வருட டயரின் இறப்பர் நம் வெயிலில் இறுகிப்போய், நனைந்த வீதியில் பிடிக்காது. நான்கு புதிய டயருக்குரிய பணத்தை 70 இலட்சத்துக்குள்ளேயே ஒதுக்கி வையுங்கள் தம்பி.


பாலையூற்று ஆசிரியை எழுதியது:

எல்லோரும் முன் ஆசனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அடிபட்ட பிள்ளை பின்னால் இருந்தவள். காரைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிச் சென்று பின் ஆசனத்தில் அமர்த்தி, பட்டியைப் பூட்டிப் பாருங்கள். பட்டி அவள் கழுத்தை அறுத்துக்கொண்டோ வயிற்றின் மேலோ கிடந்தால் மோதலின்போது அதுவே காயப்படுத்தும். தோள் எலும்பின் மேலும் இடுப்பு எலும்பின் மேலும் படிய வேண்டும். ஏழு வயதில் பெரும்பாலும் அப்படிப் படியாது. ஏறத்தாழ 145 முதல் 150 செ.மீ. உயரம் வரும்வரை உயர்த்தும் பூஸ்டர் இருக்கை தேவைப்படும். அது காரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. உறங்கும் பிள்ளையைப் படுக்கவிட மனம் சொல்லும். நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். தலைசாய்க்கப் பக்கவாட்டுத் தாங்கி உள்ள பூஸ்டர் என்றால் பட்டியோடே உறங்குவாள்.


உவர்மலைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். மச்சானுக்குக் காணொளியைக் காட்டினேன். "அது அமெரிக்கக் கார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார், ஆனால் அதன்பின் பழைய வாகனம் பற்றிப் பேசவில்லை.

குருநாகலில் ஓர் அக்சியோவைப் பார்த்தோம். மெருகு குலையாத வெள்ளை நிறம், மைலேஜும் குறைவு. சாவியைத் திருப்பியபோது எல்லா விளக்குகளும் எரிந்தன, காற்றுப்பை விளக்கு மட்டும் எரியவில்லை. கேட்டதற்கு பற்றரி பலவீனம் என்றார்கள். பற்றரி பலவீனம் என்றால் அந்த ஒன்று மட்டும் எப்படி அணைந்திருக்கும் என்று என் மனைவி கேட்டதும், உடனே இரண்டு இலட்சம் குறைப்பதாகச் சொன்னார்கள். வந்துவிட்டோம்.

இப்போது நகரத்துக்குள்ளேயே ஓர் ஆசிரியர் பாவித்த விட்ஸ் இருக்கிறது. விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது, வி.எஸ்.சி. உண்டு, ஒக்ஷன் ஷீட்டில் 4. வலது மட்கார்ட் ஆணியில் மட்டும் பூச்சு சற்று உரிந்திருக்கிறது. அக்சியோதான் முதலில் என்று சொன்னீர்கள், இதை எடுக்கலாமா?


பழைய கராஜ்காரர் எழுதியது:

ஒரு பக்கத்து ஆணி மட்டும் என்றால் முச்சக்கர வண்டி உரசியதற்கு மாற்றியதாகவும் இருக்கலாம், அதற்கு மேலாகவும் இருக்கலாம். குருநாகல் காரை விட்டுவந்தது சரி. இந்த விட்ஸைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன் கொண்டுவாருங்கள். அதற்குப் பின் குழியில் ஒரு லொறி ஏறிவிடும், மத்தியானம் வரை இறங்காது. வலது பக்கச் சில்லைக் கழற்றி உள்ளே செஸி காலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை முற்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.