ரூன்ஸ்கேப் இலவசக் கணக்கில் முதல் பாண்ட் வாங்க வழி சொல்லுங்கள்
ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆண்ட்ராய்டு போனில் இலவசமாக ஆடுகிறேன். கைக்காசு போடாமல், விளையாட்டில் சேர்த்த காசிலேயே கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற விளையாட்டுச் சந்தையில் ஒரு பாண்ட் (மெம்பர்ஷிப்பாக மாற்றிக்கொள்ளும் பொருள்) வாங்கி 14 நாள் மெம்பர்ஷிப் எடுத்தே ஆகவேண்டும் என்று ஆசை. விலை விளையாட்டுக் காசில் ஒரு கோடிக்கு மேல். என்னிடம் இருபது லட்சம்தான். தீபாவளியிலிருந்து அங்கேயே நிற்கிறது.

மாட்டுத்தோலை அல் கரீடில் பதனிட்டு விற்றேன், எட்ஜ்வில்லில் யூ மரம் வெட்டினேன். காசு ஏறவே இல்லை. அப்புறம் கோர்சேர் கோவ் குகையில் ஓக்ரஸ் என்ற அரக்கிகளை ஃபயர் போல்ட் மந்திரத்தால் அடித்தேன். விழும் ரூன்களும் (மந்திரத்துக்கான கற்கள்) ரத்தினங்களும் நல்ல விலை போகின்றன, ஆனால் போன் திரையில் விரல் தவறி அடிபடாத இடத்தை விட்டு நகர்ந்தால் கொண்டுபோன சாப்பாடெல்லாம் காலி.

மேஜிக் லெவல் 45, ரேஞ்ச்டு (வில் அம்பு) லெவல் 40, டிராகன் ஸ்லேயர் குவெஸ்ட் முடித்தாகிவிட்டது. இந்த லெவலில், போனில் ஆடுபவருக்கு மணிக்கு அதிகக் காசு தரும் இலவச வழி எது?