ஃப்ளாஷ்: ஆறாவது சீசனுக்குப் பிறகு எதைப் பார்க்கலாம்?

மக்களே, மின்னல் வேகத்தில் ஓடும் சூப்பர்ஹீரோவின் கதையான ‘தி ஃப்ளாஷ்’ டிவி தொடரை (2014-2023) முழுக்கப் பார்த்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள். மொத்தம் 9 சீசன், 184 எபிசோடு. ஆறாவது சீசனின் எட்டாவது எபிசோடு வரை ஆயிற்று. மிச்சம் 62. அத்தனையையும் பார்க்கப் பொறுமை இல்லை.

சரிவு எங்கே என்பது தெரிந்ததுதான். முதல் மூன்று சீசனிலும் வில்லன் ஹீரோவைப் போலவே வேகமாக ஓடுபவன்: ரிவர்ஸ் ஃப்ளாஷ், ஸூம், சாவிடார். முதலாமவன் ஹீரோவின் கூடவே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தவன், அதனால் வலித்தது. மூன்றாமவனில் அலுப்புத் தட்டியது. நாலாவதில் மூளைக்காரன் டிவோ நல்ல யோசனைதான், ஆனால் ஒரே சதியை 23 எபிசோடுக்கு இழுத்தார்கள். நடுவில் ஒரே ஒரு முத்து: 15-வது எபிசோடு. அணுகுண்டு வெடிக்கத் தொடங்கிய அந்த நொடிக்குள்ளேயே கிட்டத்தட்ட மொத்தக் கதையும். ஆறாவதில் சீசனை இரண்டு கதையாகப் பிரித்ததும் பிளட்வொர்க் என்ற வில்லன் வரும் முதல் பகுதி இறுக்கமாக வந்தது.

மீள முடியாது என்றும் சொல்ல முடியாது. இதே உலகில் நடக்கும் இன்னொரு சூப்பர்ஹீரோ தொடரான ‘ஆரோ’ நாலாவது சீசனில் மந்திரம் மாயம் என்று தடம் மாறி, ஐந்தில் தெருச்சண்டைக்குத் திரும்பியது. வில்லனின் பகையை முதல் சீசன் கொலை ஒன்றிலிருந்தே எடுத்தார்கள்.

கேள்வி இதுதான்: ஏழிலிருந்து ஒன்பது வரை அப்படி ஏதாவது உண்டா? எட்டாவதின் தொடக்கத்தில் வரும் ஐந்து பாக ‘ஆர்மகெடான்’ மட்டும் தனியாகப் பார்த்தால் புரியுமா? எபிசோடு எண் போட்டுச் சொல்லுங்கள், முடிவை மட்டும் உடைக்காதீர்கள்.