ஏற்காட்டில் சரிந்த தாங்குசுவர்: காப்பீட்டு மறுப்பு குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். ஏற்காட்டில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் தாங்குசுவர், ஐப்பசி மழையில் கீழேயுள்ள காப்பித் தோட்டத்தின் மேல் சரிந்துவிட்டது. ஒப்பந்ததாரர் எடுத்திருந்த பாலிசியில் மூன்றாம் தரப்புச் சேதமும் (பிறருக்கு நேரும் சேதம்) அடங்கும். ஆயினும், சுவரில் நீர் வடியும் துளைகள் போதவில்லை, ஆகவே இது வடிவமைப்புக் குறை என்று சர்வேயர் (காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) எழுதியதை வைத்து, காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை அடியோடு மறுத்துவிட்டது. வரைபடத்தில் துளைகள் முறையாகவே உள்ளன. கட்டியவர்கள்தான் பாதியை விட்டிருக்கிறார்கள். வேலைக் குறையை வடிவமைப்பின் தலையில் கட்டுவது நியாயமாகத் தெரியவில்லை. தோட்டக்காரரோ (அவரைக் குறை சொல்வதற்கில்லை) எனக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியுள்ளார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 2 ஆண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும் என அறிவேன். பாலிசி ஒப்பந்ததாரர் பெயரில் இருக்கையில், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நானே அணுகலாமா, அல்லது சிவில் வழக்குதான் வழியா? சுவரை ஆய்ந்து அறிக்கை தரக்கூடிய கட்டமைப்புப் பொறியாளர் எவரையேனும் அறிந்தவர்களும் தெரிவிக்க வேண்டுகிறேன்.