விழுந்து அடிபட்டால் மூட்டு வாதம் வருமா?

வெண்ணாறு:
போன வருஷம் குறுவைக்குச் சேறடிக்கும்போது மச்சான் பவர் டில்லரோடு வரப்பில் சறுக்கி விழுந்தார். முழங்காலில் நல்ல அடி. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீக்கம் வற்றவே இல்லை, தாளடி நடவுக்குள் கால்விரல் ஒன்று முழுசாகத் தடித்துச் சிவந்து செருப்பு மாட்ட முடியாமல் போனது, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு. தஞ்சாவூரில் காட்டினோம், சொரியாசிஸ் என்ற தோல் செதில் நோயோடு வருகிற மூட்டு அழற்சி என்கிறார் டாக்டர். விழுந்ததால்தான் வந்தது என்கிறேன் நான். வீட்டில் ஒருத்தரும் ஒப்பவில்லை.

குடமுருட்டி:
நான் உங்கள் வீட்டார் பக்கம். டெல்டாவில் வரப்பில் விழாத ஆள் உண்டா? அத்தனை பேருக்கும் மூட்டு வாதமா வந்துவிட்டது? உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டையே தாக்குகிற நோய் இது. முடக்குவாதக்காரர்கள் பலருக்கு வலி தொடங்கப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் ஆன்ட்டி சிசிபி என்ற, சொந்த உடம்பையே குறிவைக்கிற எதிர்ப்பொருள் தெரிந்துவிடும். நோய் பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், ஆள் ஒரு நாள் விழுவார், உடனே அன்றைக்குத்தான் வந்தது என்று தேதி குறித்துவிடுவோம். முழங்கால் ஏற்கெனவே மக்கர் பண்ணியதால்கூட அவர் சறுக்கியிருக்கலாம், யார் கண்டது?

அரசலாறு:
அண்ணே, முடக்குவாதத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் ஆன்ட்டி சிசிபி இருக்காது. சொரியாசிஸ்காரர்கள் சிலருக்குத் தோலில் கீறல் பட்ட இடத்திலேயே புதுச் செதில் கிளம்பும் என்பதை 1870களிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவிட்டார். மூட்டுக்குள்ளும், தசைநார் எலும்பில் ஒட்டுகிற இடத்திலும் அதே மாதிரி நடக்கலாம் என்பது இப்போதைய பேச்சு. பிரிட்டனில் 2017இல் வந்த ஆய்வில், சொரியாசிஸ் உள்ளவர்களில் எலும்பிலோ மூட்டிலோ அடிபட்டவர்களுக்கு இந்த நோய் வருவது சுமார் ஒன்றரை மடங்கு. வெண்ணாறு, மச்சானுக்கு முன்பே தோலில் ஏதாவது இருந்ததா?

வெண்ணாறு:
முழங்கையில் வெள்ளைச் செதில் ரொம்ப நாளாக உண்டு அக்கா. தலையிலும் உதிரும். பொடுகு என்று சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குடமுருட்டி:
பார்த்தீர்களா, ஆதி நோய் ஏற்கெனவே இருந்திருக்கிறது! அப்புறம் இன்னொன்று, அடிபட்டவன்தான் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடப்பான், டாக்டர் கண்ணில் மூட்டு நோய் படுவதும் அவனிடம்தான். ஒன்றரை மடங்கு அப்படியே வந்திருக்கும்.

அரசலாறு:
அப்படியென்றால் எல்லா மூட்டு நோயும் அல்லவா கூடியிருக்க வேண்டும்? அதே ஆய்வில் அடிபட்டவர்களுக்கு முடக்குவாதம் கூடவில்லை. தோலில் மட்டும் அடிபட்டவர்களிடமும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எலும்பு, மூட்டு இரண்டில்தான் ஏறுகிறது. நடையாய் நடந்ததற்கு இந்த ஓரவஞ்சனை எதற்கு?

குடமுருட்டி:
சரி, அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு என்றால், அடிபட்டு நோய் வந்த மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு விழாமலே வந்திருக்கும். மச்சான் அந்த இரண்டில் ஒருவரா, மூன்றாமவரா? யாராலும் சொல்ல முடியாது. விழுந்ததால்தான் வந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அரசலாறு:
கையெழுத்து யார் கேட்டார்கள்? தூண்டிவிட்டிருக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான். வெண்ணாறு, மாத்திரை என்ன கொடுத்திருக்கிறார்கள்?

வெண்ணாறு:
மெத்தோட்ரெக்சேட். ஆனால் அத்தை விடுவதாக இல்லை, பக்கத்து ஊரில் எண்ணெய்க் கட்டுப் போட்டு உருவிவிடக் கூட்டிப்போகிறார்கள்.

அரசலாறு:
அந்த எண்ணெய்க் கட்டுப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். தோல் உரசிப் புண்ணானால் அந்த இடத்திலும் செதில் வரலாம். மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான், தினசரி போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் எந்தக் கிழமை என்று காலண்டரில் எழுதி ஒட்டிவையுங்கள். சாராயப் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், ஈரலைப் பதம் பார்த்துவிடும்.

குடமுருட்டி:
இதில் எனக்கு மறுப்பே இல்லை. அத்தையிடம் யார் சொல்வது என்பதுதான் சிக்கல்.