பெட்டியில் இருந்த 11 கத்திகள்

அட்லாண்டாவில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பெரியவர் காலமான பிறகு, அவர் மனைவி என்னை அழைத்து ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே 11 கத்திகள். எல்லாம் கொல்லர்களிடம் சொல்லிச் செய்து வாங்கியவை. ஒவ்வொரு ஜூனிலும் இங்கே நடக்கும் பிளேடு ஷோ என்ற கத்திக் கண்காட்சியில் நான் சுற்றுவது அவருக்குத் தெரியும். விலை போட்டு விற்றுக் கொடுக்கச் சொன்னார். கூடவே ஒரு கட்டு ரசீது. கணவர் கொடுத்த காசுக்குக் குறையக் கூடாது என்பது அவர் கணக்கு.

ரசீதைப் பார்த்துக் கத்திக்கு விலை சொல்ல முடியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? செய்தவர் பெயரை இன்று எத்தனை பேர் தேடுகிறார்கள், பட்டறையை விட்டு வந்த மாதிரியே இருக்கிறதா, இந்த இரண்டும்தான் விலை. 600 டாலர் ரசீதோடு இருந்த வேட்டைக்கத்தியை உருவினேன். வருடக்கணக்கில் தோலுறைக்குள்ளேயே கிடந்ததால் பித்தளைக் காப்பில் பச்சைக் களிம்பு, அலகில் குண்டூசி முனையளவு துருப்புள்ளிகள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 250க்கு மேல் தேறாது என்றேன். மறுநாள் போனால் கத்தி பளபளக்கிறது! பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் இரவெல்லாம் தேய்த்திருக்கிறார். அலகெங்கும் கீறல், கொல்லர் பெயரும் பாதி மங்கிவிட்டது. 120க்குப் போனது.

என் பிழை வேறொரு கத்தியில். அதன் அலகில் 'ஜே.எஸ்.' என்ற முத்திரை இருந்தது. கத்திக் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டியின் முதல் படியைத் தாண்டியவர் என்று பொருள். தேர்வுக் கத்தி தொங்கும் கயிற்றை அறுத்து, மரத்தைக் கொத்தி, அதன் பிறகும் மயிர் மழிக்க வேண்டும். கடைசியில் 90 பாகை வளைத்தாலும் உடையக் கூடாது. ரசீதில் 350. நான் 500 போட்டேன், வந்த முதல் ஆளே பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தக் கொல்லர் இதற்குள் அடுத்த படியான 'எம்.எஸ்.' ஆகி, புது ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிட்டிருந்தார். அடுத்த ஷோவில் அதே கத்தி ஒரு மேசையில், 1,100 என்ற சீட்டோடு. கேட்கிற விலைதானே, விற்ற விலை இல்லையே என்று தேற்றிக்கொண்டேன். ஞாயிறன்று போனபோது மேசையில் அது இல்லை.

—

நான் ஒசாகாவில் சமையல்காரன். பக்கத்துச் சகாய் ஊர்க் கத்திகளில் கணக்கு வேறு. அங்கே அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். மரப்பிடியைத் தட்டிக் கழற்றிப் புதிது மாட்டிவிடலாம். அதன் அழுக்கைக் காட்டி விலை குறைப்பவருக்கு இறங்காதீர்கள். அலகின் நீளத்தைத்தான் அளப்பார்கள். என் யானகிபா, பச்சை மீன் சீவும் நீளக் கத்தி, வாங்கும்போது 300 மில்லிமீட்டர். கல்லில் தீட்டித் தீட்டி 278. அதைவிடப் பெரிய அடி, ஆசையாக அலகில் ஜப்பானியக் கத்தகானா எழுத்தில் பொறித்துக்கொண்ட என் பெயர். தமிழ்ப் பெயர் போட்ட கத்தியை இங்கே யார் வாங்குவார்? கடைசியில் எங்கள் சமையலறைக்குப் புதிதாக வந்த பையன் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான். அவனும் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

—

அண்ணா, அந்த 11இல் தந்தப் பிடி ஏதும் இருந்ததா?

—

ஒன்று இருந்தது, தம்பி. அமெரிக்காவின் 2016 விதிக்குப் பிறகு ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலம் தாண்டி விற்க ஒருசில விலக்குகள்தாம். அதற்குத் தந்தம் எப்போது வந்தது என்று காட்ட வேண்டும். கட்டுக் கட்டாக ரசீது வைத்திருந்தவரிடம் இதற்கு மட்டும் ஒரு தாளும் இல்லை. நான் விலையே போடவில்லை. அந்த அம்மா இப்போது அதில் கடித உறை பிரிக்கிறார்.