கேப்டன் மேன்டல் துரத்தியது எதை?

இரவுவானம் கேட்டது:
பறக்கும் தட்டு பற்றி அமெரிக்க விமானப்படை நடத்திய முதல் விசாரணைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1948 ஜனவரி 7, கென்டக்கி மாநிலம். ஃபோர்ட் நாக்ஸ் பக்கத்தில் காட்மன் விமானதளத்தில் இருந்தவர்கள் பட்டப்பகலில் வானத்தில் வெள்ளையாக எதையோ பார்க்கிறார்கள். அந்த வழியாக வந்த நான்கு எஃப்-51 போர் விமானங்களிடம், போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். தலைமை தாங்கி வந்த கேப்டன் தாமஸ் மேன்டல் அதைத் தேடி ஏறிக்கொண்டே போய், ஃபிராங்க்ளின் ஊரருகே விழுந்து இறந்தார். வயது 25. முதலில் வெள்ளி கிரகம் என்றார்கள், பிறகு பலூன் என்றார்கள். பேச்சை மாற்றினால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பலூன்காரர் எழுதியது:
தம்பி, நான் வானிலை நிலையத்தில் 31 வருடம் பலூன் விட்டவன். ஹைட்ரஜன் நிரப்பி, கருவியைக் கட்டி விட்டுவிட்டு, தியோடலைட் என்கிற, கோணம் அளக்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பின்தொடர்வோம். மார்கழியில் சாயங்காலம் விட்டால் தரையில் இருட்டிவிடும். மேலே பலூனுக்கு மட்டும் வெயில் இருக்கும், விளக்கு மாதிரி மின்னும். தெருவில் போகிறவர்கள் நின்று, அது என்ன என்று கேட்பார்கள். எத்தனை உயரம் என்று அவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அளவு தெரியாத பொருளின் உயரத்தை வெறுங்கண்ணால் சொல்லவே முடியாது.

எங்கள் ரப்பர் பலூன் 30 கிலோமீட்டர் வாக்கில் வெடித்துவிடும். அமெரிக்கக் கடற்படையின் ஸ்கைஹுக் பலூன் வேறு சாதி. பாலித்தீன் தாளில் செய்தது, விரிந்தால் சுமார் 100 அடி அகலம், அந்த உயரத்திலேயே மணிக்கணக்காக மிதக்கும். கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல்தான் தெரியும். காட்மனில் பார்த்தவர்கள் ஐஸ்கிரீம் கோன் மாதிரி இருந்தது என்றார்கள். மேலே அகன்று கீழே குறுகிய பலூன் அப்படித்தான் தெரியும், எனக்கு அந்த வார்த்தை போதும்.

1947இல் தொடங்கிய அந்தத் திட்டம் அப்போது ரகசியம். விசாரித்த விமானப்படைக்காரர்களுக்கே தெரியாது. கையில் இருந்த விளக்கங்களில் ஒன்றாக வெள்ளி கிரகத்தைச் சொன்னார்கள், அது பொருந்தவில்லை. 1951இல் விசாரணைப் பொறுப்பை ஏற்ற எட்வர்ட் ரப்பெல்ட் பழைய கோப்பைத் திறந்து பார்த்துதான் பலூன் பக்கம் வந்தார். மறைத்தார்கள் என்று நீ சொல்வது ஒரு வகையில் சரி, மறைக்கப்பட்டது பலூன்.

மேன்டல் இறந்த காரணம் எனக்கு இன்றும் வலிக்கிறது. அவ்வளவு உயரம் ஏற அவரிடம் ஆக்சிஜன் இல்லை. கூட ஏறிய இருவர் சுமார் 22,000 அடியில் திரும்பிவிட்டார்கள். மூளைக்குக் காற்று குறையும்போது, குறைகிறது என்பதே விமானிக்குத் தெரியாது. அவர் எட்ட நினைத்தது அதைப் போல நாலு மடங்கு உயரத்தில் மிதந்திருக்கும்.

கோப்புப்புழு எழுதியது:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆரம்ப விசாரணை எல்லாவற்றையும் தட்டிக்கழித்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். மேன்டல் இறந்த அதே மாதம் ஓஹையோவின் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில், பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்க 'சைன்' திட்டம் தொடங்கியது. அதில் இருந்த சிலர் இவை வேற்றுக்கிரகத்திலிருந்து வருகின்றன என்றே ஓர் அறிக்கை எழுதினார்கள். ஆதாரம் போதாது என்று விமானப்படைத் தலைவர் ஜெனரல் வாண்டன்பெர்க் திருப்பிவிட்டார். அதன் தொடர்ச்சியாக 1949இல் 'கிரட்ஜ்' திட்டம், 1952இல் 'புளூ புக்' திட்டம். 1969இல் மூடும்போது மொத்தம் 12,618 புகார்கள், அதில் 701க்கு விளக்கம் இல்லை.

இரவுவானம்:
ஐயா, அன்று அங்கே பலூன் இருந்தது என்று நேரில் பார்த்துச் சொன்னவர் யாராவது உண்டா?

பலூன்காரர் எழுதியது:
உண்டு தம்பி. அதே நாள் மாலை டென்னசி மாநிலம் நாஷ்வில்லில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக வானியலாளர் கார்ல் சேஃபர்ட் அதைப் பார்த்தார். பேரிக்காய் வடிவப் பலூன், கயிறுகள், கீழே ஒரு கூடை என்றார். ஃபிராங்க்ளின் ஊர் நாஷ்வில்லுக்கு வடக்கே கொஞ்சதூரம்தான், வரைபடத்தை விரித்துப் பார்.