அத்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும்

கேள்வி:
வணக்கம். என் அத்தை மறைந்து வரும் மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. திருமணம் செய்துகொள்ளாமல், தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து, பிறகு எங்களையும் வளர்த்து, படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர். நினைவு மலருக்காக அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் பொறுப்பை வீட்டில் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் 'தியாகத்தின் திருவுருவம்', 'மெழுகுவர்த்தியாய் உருகியவர்' என்று யாருக்கும் பொருந்தக்கூடிய சொற்களே வந்து விழுகின்றன. அவற்றில் அத்தையின் முகம் தெரியவில்லை. இதற்கிடையில், "அத்தைக்கு என்ன வேண்டும் என்று நம்மில் யாராவது ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?" என்று என் தங்கை கேட்டுவிட்டாள். அதன் பிறகு ஒரு வரிகூட எழுத முடியவில்லை. எப்படித் தொடங்குவது?

மறுமொழி 1:
அந்தப் பெரிய சொற்களை ஒதுக்கிவிட்டு, உறவினர் ஒவ்வொருவரிடமும் அத்தை தொடர்பாக ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பெரியம்மா மறைந்தபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். யார் எவ்வளவு தாமதமாக வீடு திரும்பினாலும் அவர் விழித்திருந்து கதவைத் திறப்பார். மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலில் சுற்றியிருந்த கறுப்பு நூலைச் சரிசெய்தபடியே, "எனக்குத்தான் தூக்கம் வரவில்லை" என்பார். அந்தச் சொற்களைத் தன்னிடம் மட்டுமே சொல்லியிருந்தார் என்று எங்களில் ஐந்து பேர் நம்பிக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

மறுமொழி 2:
உங்கள் தங்கையின் கேள்வியை மறைத்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பிறருக்காக வாழ்ந்தார் என்று எழுதுவது எளிது. அப்படி வாழ்வதை அவரே விரும்பி ஏற்றாரா, அல்லது வேறு வழியின்றி அது அவர் தலையில் விழுந்ததா என்பதையும் எண்ணிப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. சிறுவயதிலேயே கணவரை இழந்து, 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, இளம் விதவைகளுக்குக் கல்வி தந்த சகோதரி சுப்புலட்சுமியை நாம் அறிவோம். அவருடன் இருந்து அந்தப் பெண்களைப் பராமரித்த, தாமும் கணவரை இழந்தவரான சித்தி வாலாம்பாளைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. வீட்டுக்குள் நடக்கும் உழைப்பை யாரும் குறித்து வைப்பதில்லை. நீங்களாவது குறித்து வையுங்கள். அவர் தமக்கென்று விரும்பிய ஒன்றேனும் இருந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றுச் சித்தப்பாவிடம் கேட்டேன். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை ஓடும்போது மட்டும் யார் அழைத்தாலும் அத்தை எழமாட்டாராம். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஓட்டங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பாராம். அந்தத் தாள்களில் சிலவற்றைச் சித்தப்பா பத்திரமாக வைத்திருக்கிறார். விக்கெட் விழுந்த இடங்களில் எல்லாம் பென்சிலை அழுத்திக் கோடிட்டிருக்கிறார் அத்தை. இத்தனை ஆண்டுகள் அதே வீட்டில் இருந்த எனக்கு இது தெரியாது. அந்தத் தாள்களிலிருந்தே தொடங்கப் போகிறேன். தங்கையின் கேள்வியையும் அவள் கேட்டபடியே எழுதிவிடுகிறேன்.